நோட்டிஸில் நெளியும் எழுத்துகள்

கோயில் திருவிழா நோட்டிஸைக் கையில் வாங்கினால் முதலில் அம்மன் படம் தெரியும், அடுத்தது தலைப்பு. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் தொடங்கி இறக்குவானை, பலாங்கொடை வரை சப்ரகமுவ தோட்டங்களில் ஒட்டப்படும் நோட்டிஸ்களில் அந்தத் தலைப்பு பெரும்பாலும் ஒரே வகைதான். கனத்த உடம்பு, சுருண்ட வால், புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ. கல்யாணக் கார்டிலும் பூப்புனித நீராட்டு அழைப்பிலும் அதுவே வருகிறது. போகட்டும், மங்கல காரியம். கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அதே பூ பூத்து நிற்பதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கைவண்ணம் காட்டும் இந்த அலங்கார எழுத்துருக்களைத் தமிழுக்குச் செய்வது லேசான வேலை இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியைக்கூட அநேகமாக வைக்காமலே விட்டார்கள். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும் கோடு, தட்டைமுனைப் பேனாவோடும் தூரிகையோடும் வந்த அழகு. அதைத் தமிழ் எழுத்தில் எங்கே வைப்பது என்பதை வடிவமைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். மூன்று சுழி ணகரத்தில் எல்லாச் சுழியையும் தடிப்பாக்கினால் உள்ளே வெளிச்சமே இருக்காது. சிறிய அளவில் அச்சடித்தால் மை நிறைந்து மூன்று கறுப்புக் கட்டிகள்தான் மிஞ்சும்.

அடுத்த தொல்லை உகரம். கு, மு, டு ஆகியவற்றில் வால் அடியில் வளைந்து திரும்பும். சு, பு, யு மூன்றிலும் கீழே இறங்கும். து, நு, ணு வேறு வழியில் போகும். உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் மட்டும் பதினெட்டு மெய்க்கும் 36 வடிவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும். டி, டீ வேறு இருக்கின்றன. வாலை ஆசைக்கு நீட்டினால் கீழ்வரியின் விசிறியில் போய் இடிக்கும். அதனால்தான் இத்தகைய எழுத்து ஒற்றை வரித் தலைப்பில் ஜொலிக்கிறது, பத்தியாகப் போட்டால் முள்வேலியாகிவிடுகிறது.

பழைய வடிவங்களும் ஓர் அலங்காரமே. தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றிய 13 எழுத்துகளில், தும்பிக்கை தூக்கிய லை, ணை போன்றவையும் அடக்கம். கோயில் பெயருக்கு அவை ஒரு பழமைக் களை தரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாசிக்க வருமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இலங்கை அச்சகங்களில் நீண்ட காலம் ஆட்சி செய்தது பாமினி எழுத்துரு. அதே விசைமுறையில் எத்தனையோ அலங்கார எழுத்துருக்கள் புழங்கின. அவற்றில் கணினிக்குள் பதிவாவது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வரும். தாளில் அச்சானால் குறையில்லை. அந்த வாசகத்தையே நகலெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்குப் போய்ச் சேருவது வெறும் குப்பை.

தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோட் எழுத்துருவில் அந்தத் தொல்லை இல்லை. அலங்காரத்துக்கும் பஞ்சமில்லை. இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துப் பாணியில் இருக்கிறது. 'அரிமா'வின் முனைகள் தூரிகை பட்டதுபோல மென்மையானவை. கல்யாணக் கார்டுக்குப் பொருந்தும். கடைப் பலகைக்குப் பருத்த 'பலூ தம்பி' போதும். மூன்றும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். தகட்டை வெட்டி மை பூசும் பாணியில் 'போஸ்ட் நோ பில்ஸ் ஜஃப்னா' என்றும் ஒன்று உண்டு. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயரை அப்படித்தான் பதித்தார்கள், ஆங்கிலத்தில். அந்த முறையில் சுழிகளைச் சற்றே அறுத்துப் பாலம் விட வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும்.

நல்ல எழுத்துருவையும் கணினி கெடுக்கலாம். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். கணினியில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அது பிழை என்பதே தெரியாது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறதே என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

ஆகவே, தலைப்பில் ஒரு வரிக்கு அலங்காரம் போடச் சொல்லுங்கள். திகதி, நேரம், இடம், போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்தில், தாத்தாவின் கண்ணுக்கும் எட்டும் அளவில் இருக்கட்டும். அஞ்சலிப் பதாகைக்குப் பூ வேண்டாம். ஆயிரம் பிரதிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பிரதியை அடித்து வாங்கி, கொம்பையும் புள்ளியையும் விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.