மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன்: குடலை எப்படி இணைக்கிறாங்க? ‘ஜே பை’ எதற்கு?

புற்றுக்கட்டி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால், மலக்குடலை எடுத்த பிறகு பெருங்குடலைக் கீழே கொண்டுவந்து இணைக்க வேண்டும். அதை எப்படி இணைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் நீங்கள் எத்தனை முறை பாத்ரூம் ஓட வேண்டிவரும் என்பது மாறும்.

மலக்குடலின் வேலையே மலத்தைத் தேக்கி வைப்பதுதான். பெருங்குடலை நேராக இழுத்துத் தைத்தால் அந்த இடம் இருக்காது. அடிக்கடி போகணும், அடக்க முடியாது, சிலருக்குக் கசியவும் செய்யும்.

இதற்காக 1986-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட முறைதான் ‘ஜே பை’. குடல் முனையை 5-6 செ.மீ. நீளத்துக்கு ஜே எழுத்து மாதிரி மடித்துத் தைப்பார்கள். பெருசா வைக்கலாமே? கூடாது, மலம் முழுசா வெளியேறாது.

இடுப்புக்கூடு குறுகலாக இருந்தால் பை உள்ளே இறங்காது. அப்போது குடல் முனையை மூடிவிட்டு, பக்கவாட்டில் துளை போட்டு இணைப்பார்கள். இது செய்யவும் சுலபம், பலனும் ஏறக்குறைய அதேதான்.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது முதல் ஓராண்டில். 2 ஆண்டு போனால் நேர் இணைப்புக்காரர்களும் ஓரளவு தேறிவிடுவார்கள். ஆனா அந்த ஓராண்டு சின்ன விஷயமில்லை. எந்த முறை என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்க.

தையல் ஆறும்வரை சில மாதங்களுக்கு வயிற்றின் வெளியே மலப்பை மாட்டுவது வழக்கம். அது வேற, ஜே பை வேற.