பழைய புல்டோசருக்கும் ரசிகர்கள் உண்டு!

பழைய வெஸ்பா, பழைய மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையில் பார்த்துக் கையசைத்திருப்போம். பழைய புல்டோசருக்கும் அப்படி ரசிகர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. ஓஹையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில் பழைய கட்டுமான இயந்திரங்களுக்குத் தனி அருங்காட்சியகமே உண்டு. வயலோரத்தில் துருப்பிடித்துக் கிடந்த மூன்று டன் இரும்பை வாங்கி, மாதக்கணக்கில் பாடுபட்டு, அதை மறுபடி உறும வைப்பதுதான் இவர்களுடைய பொழுதுபோக்கு.

வானொலியில் வேலை செய்பவள் என்பதால் என்னை இதற்குள் இழுத்தது சத்தம்தான். இன்றைய இயந்திரம் சாவியைத் திருப்பியதும் ஓடத் தொடங்கிவிடும். 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர் அப்படி அல்ல. அதை எழுப்புவதே ஒரு கச்சேரி.

மட்டக்குதிரை எழுப்பும் யானை

பெரிய டீசல் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. அதனால் அதன் பக்கவாட்டிலேயே இரண்டு சிலிண்டர் கொண்ட சின்னப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார்கள். ரசிகர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘போனி மோட்டார்’. போனி என்றால் மட்டக்குதிரை.

முதலில் இந்தச் சின்ன எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது மோட்டார் சைக்கிள் போலப் படபடக்கும். அதன் சூட்டில் பெரிய எஞ்சினின் தண்ணீரும், உள்ளே போகும் காற்றும் சூடாகும். பிறகு ஒரு லீவரைத் தள்ளினால் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைச் சுற்றத் தொடங்கும். அப்போது சிலிண்டரில் அழுத்தம் ஏறாதபடி இன்னொரு லீவர் தடுத்து வைத்திருக்கும். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு அழுத்தத்தைக் கொடுத்து டீசலைத் திறந்தால், ‘டம்... டம்... டம்’ என்று ஒவ்வொரு சிலிண்டராக விழித்துக்கொள்ளும். படபடப்பு அடங்கி, அடிவயிற்றில் உணரும் ஒரு கனத்த தாளம் நிலைத்து நிற்கும்.

இந்தச் சடங்கில் அவசரப்பட்டால் வண்டி ஒத்துழைக்காது. அதுதான் ரசிகர்களுக்குப் பிடித்த விஷயம்.

சேற்றில் பிறந்த யோசனை

இந்த இயந்திரத்தின் பிறப்பிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம். அதைச் சுற்றியிருக்கும் ஆற்றுப்படுகை நிலம் வளமானது, ஆனால் பஞ்சு போல அமிழும். அக்காலத்து நீராவி டிராக்டர்கள் அதில் இறங்கினால் புதைந்துவிடும். சக்கரத்தின் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் ஒரு டிராக்டரின் மொத்த அகலம் 46 அடியைத் தொட்டது. அப்படியும் சரிவரவில்லை.

பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தையே கழற்றிவிட்டு, மரப்பலகைகளைக் கோத்த செயினைப் பூட்டிப் பார்த்தார். 1904 நவம்பர் 24-இல் அந்த வண்டி சேற்று நிலத்தில் புதையாமல் ஓடியது. எடை முழுவதும் நீண்ட செயினில் பரவிவிடுவதால் நிலத்தின் மீதான அழுத்தம் குறைகிறது. வயலில் நாற்று நடும்போது சேற்றில் பலகை போட்டு நடப்பதும் இதே கணக்குத்தான். அது ஊர்ந்து போவதைப் பார்த்துக் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ‘கேட்டர்பில்லர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1910-இல் ஹோல்ட் அதை வணிகப் பெயராகப் பதிவு செய்தார். அவருடைய நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் 1925-இல் இணைந்து உருவானதுதான் இன்றைய கேட்டர்பில்லர்.

அது இன்னும் புல்டோசர் ஆகவில்லை; இழுக்கும் டிராக்டர் மட்டுமே. 1923-இல் கன்சாஸ் மாநிலத்தின் மோரோவில் என்ற சிற்றூரில், எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மண் தள்ளி மூடுவதற்காக, கம்மிங்ஸ், மெக்லியோட் என்ற இருவர் டிராக்டரின் முன்னால் ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். 1925-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் மாதிரி ஒன்று அந்த ஊர்ப் பூங்காவில் இன்றும் நிற்கிறது.

இன்னொரு செய்தி: ஆரம்பத்தில் இந்த வண்டிகள் மஞ்சள் அல்ல, சாம்பல் நிறம்! 1931 டிசம்பரில்தான் கேட்டர்பில்லர் மஞ்சளுக்கு மாறியது. சாலை வேலையில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே. அதனால் மீட்டெடுக்கும்போது, எந்த ஆண்டு வண்டிக்கு எந்த நிறம் என்பதில் ரசிகர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தேடுவது டி2 என்ற சின்ன வண்டியை. 1938 முதல் 1957 வரை தயாரானது. எடை சுமார் மூன்று டன்தான்; சின்ன லோரியில் ஏற்றிவிடலாம். வண்டியில் அடித்திருக்கும் எண்ணே அதன் ஜாதகம். எண்ணுக்கு முன்னால் ‘4யு’ என்றிருந்தால் இரண்டு செயின்களுக்கும் இடைவெளி 40 அங்குலம். ‘5யு’ என்றிருந்தால் 50 அங்குலம்.

பல ஆண்டுகள் மழையில் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் இறுகிப் போயிருக்கும். சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார்ப்பார்கள். அதிகம் செலவு வைப்பது செயின் பகுதிதான். அதில் ஒரு சிக்கனம் உண்டு: செயினைக் கோத்திருக்கும் ஊசிகளும் அவற்றின் உறைகளும் ஒரு பக்கம் மட்டுமே தேயும். கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

இறக்கத்தில் தலைகீழ்

இந்த வண்டிகளுக்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு லீவர், இரண்டு பிரேக். இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் விசை நின்று, வண்டி இடப்பக்கம் திரும்பும். கேட்க எளிதாக இருக்கிறது. இதன் மறுபக்கத்தை எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா. 1970களில் பகாங்கில் காடு வெட்டி நிலம் திருத்திய ஒரு குத்தகையாளரிடம் பழைய டி4 ஓட்டியவர். இப்போது அவருக்கு 78 வயது.

“எறக்கத்துல இடது லீவர மட்டும் இழுத்தா வண்டி வலது பக்கம் போவும்மா” என்றார். நான் நம்பவில்லை. மேசை மீதிருந்த இரண்டு தீப்பெட்டிகளை நகர்த்திக் காட்டினார். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது அதன் சொந்த எடை. எஞ்சின் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இடது செயினை விடுவித்தால் அது கட்டில்லாமல் உருண்டு முந்திக்கொள்ளும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். “லீவர நம்பாத, பிரேக்க நம்பு. புதுசா வந்த பையனுக்கு மொத நாளே இதத்தான் சொல்லித் தருவோம்.” அந்த வண்டிகளில் கவிழ்ந்தால் காப்பாற்றும் கூண்டு இல்லை. முதல் நாள் பாடத்தை மறந்தால் இரண்டாம் நாள் இல்லாமலே போகலாம்.

அந்த மாலைக்குப் பிறகு எனக்கு இது வெறும் சத்தமாகத் தெரியவில்லை.

நம் மண்ணில்

இந்த இயந்திரங்கள் நமக்கு அந்நியமும் அல்ல. சைம் டார்பி 1929-லிருந்தே கேட்டர்பில்லர் விற்பனையாளர். தோட்டங்களில் முதிர்ந்த பால்மரங்களை வேரோடு சாய்த்து மறுநடவு செய்தது, 1956-இல் தொடங்கிய ஃபெல்டாவின் நிலத் திட்டங்களுக்குக் காடு திருத்தியது, 1960களில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை நிரப்பியது என எல்லாவற்றிலும் செயின் வண்டிகளின் தடம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் ‘ஜெந்தோலாக்’ என்றார்கள். நம்மவர்கள் ‘டோசர்’ என்றார்கள். தங்கள் லயன் வீடுகளையும் கோயிலையும் அதே இயந்திரம் இடித்ததைப் பார்த்த தோட்டத்து மக்களுக்கு அந்தச் சத்தம் இனிமையானதாக இருக்க நியாயமில்லை. அதையும் மறைக்கக்கூடாது.

ஆனால் ஓய்வுபெற்ற டோசர் இங்கே போகும் இடம் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைதான். ஜப்பானில் 1943-இல் செய்த முதல் புல்டோசரான ஜி40-ஐ கொமாட்சு நிறுவனம் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறது. இரும்பு உருகிப் போவது ஓர் இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு, அதை ஓட்டத் தெரிந்த கைகள் மௌனமாகிப் போவது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர்கள், தகட்டை விரற்கடை அளவில் ஏற்றி இறக்கி நிலத்தைச் சமன் செய்தவர்கள். இவர்களுடைய திறமைக்குச் சான்றிதழும் இல்லை, புத்தகமும் இல்லை.

அமெரிக்க ரசிகர்கள் வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பதன் பொருள் எனக்கு இப்போதுதான் புரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் வண்டி தன் உருவத்தை மட்டுமே காட்டும். ஓடும் வண்டிக்கு அதை ஓட்டத் தெரிந்த ஒருவர் தேவை. அவர் இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

நம்மில் பலரால் டோசர் வாங்க முடியாது. நிறுத்த இடமும் இருக்காது. கைப்பேசி இருக்கிறதே! உங்கள் தாத்தாவோ மாமாவோ தோட்டத்திலோ, பொதுப்பணித் துறையிலோ, குத்தகையாளரிடமோ இயந்திரம் ஓட்டியவராக இருந்தால், பதிவு பட்டனை அழுத்திவிட்டு மூன்றே கேள்விகள் கேளுங்கள். என்ன வண்டி? காலையில் அதை எப்படிக் கிளப்புவீர்கள்? புதியவருக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெரியப்பாவின் குரலில் இதுவரை 40 நிமிடம் சேர்ந்திருக்கிறது. போன வாரம் பாதியில் நிறுத்திவிட்டார். “சேத்துல மாட்டுன வண்டிய ஒத்த ஆளா எடுக்கறது எப்படின்னு சொல்றேன், ஞாயித்துக்கெழம வா” என்றிருக்கிறார். போக வேண்டும்.