முள்ளும் ஒரு வேலியே

நம் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி புகழ் பெற்றது. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில்தான் அதை வேக வைக்கிறார்கள். நம் வீட்டு முறமும் கூடையும் மூங்கிலே. இவற்றைத் தரும் காட்டு மூங்கில் தானாக எவ்வாறு தழைக்கிறது, அதற்கு நேரும் இடையூறுகள் யாவை என்பதை இங்கே காண்போம்.

மூங்கில் மரம் அன்று. புல் இனத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து குருத்து புறப்பட்டு, சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். முள் மூங்கில் சுமார் 40 அல்லது 45 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து விதை சிந்தியதும் புதர் முழுவதும் மடிந்துவிடும். பிறகு விதையே கதி. அவ்விதையை எலிகளும் பறவைகளும் தின்கின்றன. மூங்கில் அரிசி என்று மக்களும் சேகரிக்கின்றனர். தப்பி முளைத்த நாற்றை மாடுகள் மேய்கின்றன. கோடையில் காட்டுத்தீ கருக்குகிறது. உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் அதற்கு வெளிச்சமும் கிடைப்பதில்லை. நாற்று வேரூன்றும் சில ஆண்டுகள் காவல் இல்லையேல், அடுத்த தலைமுறை மூங்கிலே அங்கு இல்லாமற் போகலாம்.

நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமும் கேடாகலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் காகித ஆலைக்காக மூங்கில் வெட்டப்பட்டு வந்தது. மூங்கில் அருகி வருவதாகக் கூடை முடைவோர் முறையிட்டனர். 1970களில் மாதவ் காட்கில், எஸ்.என். பிரசாத் ஆகிய அறிஞர்கள் இதை ஆராய்ந்தனர். புதரின் அடியில் பின்னிக்கிடக்கும் முட்களை நீக்கினால் மூங்கில் செழிக்கும் என்று எண்ணி, அவற்றை அகற்றியிருந்தனர். ஆனால் கிராமத்தார் தங்களுக்கென வெட்டும்போது முட்களைத் தொடுவதில்லை. காரணம் விளங்கியது. முள் நீங்கிய புதரில் இளங்குருத்துகளை மாடு, குரங்கு, முள்ளம்பன்றி முதலியவை எளிதாகத் தின்றுவிட்டன; முள் இருந்த புதரில் குருத்துகள் பிழைத்தன. ஏட்டில் இல்லாத அந்தப் பாடம் கிராமத்தாரின் அனுபவத்தில் இருந்தது!

ஆகவே, முற்றிய கழிகளை மட்டும் வெட்டுதல், இளங்கழிகளை விட்டுவைத்தல், அடிமுள்ளைக் காத்தல், பூத்து மடிந்த இடத்தில் சில ஆண்டுகள் மேய்ச்சலையும் தீயையும் தடுத்தல் ஆகியவையே நாம் செய்யத்தக்கவை. மூங்கிலை வளர்க்க மனிதர் வேண்டியதில்லை. அது வளர்வதைத் தடுக்காதிருந்தால் போதும். அடுத்த முறை கூடை முடைபவரைக் காணும்போது, அவர் கையிலுள்ள பிளாச்சுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுப் பொறுமை இருக்கிறது என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.