காற்றோடு கண் பொருதிய கப்பல்

கடலை நம்பி வாழும் மக்களுக்குக் காற்று வெறுங்காற்று அன்று. அதற்குத் திசைதோறும் ஒரு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வீசுவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; தெற்கிலிருந்து தவழ்வது தென்றல்; மேற்கிலிருந்து அடிப்பது கோடை. யாழ்ப்பாணக் கரையிலோ தென்காற்றைச் சோழகம் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும் வழங்குவர். பாயை விரிப்பதா சுருட்டுவதா என்பதை இப்பெயர்களே முடிவு செய்தன.

மத்தியதரைக் கடலின் மாலுமிகளும் இவ்வாறே தமக்கென ஒரு மொழியை வைத்திருந்தனர். அம்மொழியை நாம் இன்று கேட்க வேண்டுமானால், நம் வீட்டிலுள்ள புதிய ஏற்பாட்டைத் திறந்தாலே போதும். அப்போஸ்தலர் பணி நூலின் 27-ஆம் அதிகாரம், பழங்காலக் கப்பற்பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள விரிவான வருணனைகளுள் ஒன்றாகும். புனித சின்னப்பர் கைதியாய் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அப்பயணம் ஏறத்தாழ கி.பி. 60-இல் நிகழ்ந்தது. அதனை எழுதிய புனித லூக்காஸ் மாலுமி அல்லர், மருத்துவர். ஆயினும் கப்பலில் தாம் கேட்ட சொற்களைக் கேட்டவாறே கிரேக்கத்தில் பதித்துள்ளார்.

பாய் நிறைந்த ஓட்டம்

பின்காற்றுப் பாயை நிறைக்க, கப்பல் வளையாமல் திரும்பாமல் இலக்கை நோக்கி ஓடுவதற்குக் கிரேக்கத்தில் ஒரே சொல் உண்டு: 'யூத்துத்ரொமெயோ'. 'நேராக ஓடுதல்' என்பது அதன் பொருள். துரோவாத் துறையிலிருந்து சமோத்திராக்கே தீவு வழியாக நெயாப்பொலி சென்ற பயணத்தைக் கூறும்போது (அப். பணி 16:11) லூக்காஸ் இச்சொல்லை ஆள்கிறார். அன்று கடலைக் கடக்க இரண்டே நாட்கள் ஆயின. பின்னொரு முறை அதே கடலை மறுதிசையில் கடக்க ஐந்து நாட்கள் பிடித்தன (20:6). அங்கே 'நேராக ஓடினோம்' என்று அவர் எழுதவில்லை. காற்று துணை நின்றதா இல்லையா என்பதை ஒரு சொல் இருப்பதும் இல்லாததுமே காட்டிவிடுகிறது!

வஞ்சித்த தென்றல்

உரோமைப் பயணத்தில் கப்பல் கிரேத்தா தீவின் தென்கரையை அடைந்தபோது குளிர்காலம் நெருங்கியிருந்தது. தங்குவதற்கு ஏற்ற துறை எது என்ற பேச்சு எழுந்தது. பேனிக்ஸ் என்னும் துறை எத்திசை நோக்கியது என்பதை லூக்காஸ் 'லிப்ஸ்', 'கோரொஸ்' என்னும் இரு காற்றுகளின் பெயராலேயே குறிக்கிறார். முன்னது தென்மேல்காற்று; பின்னது வடமேல்காற்று.

அப்போது தென்காற்று வீசலாயிற்று. 'மெல்ல வீசுதல்' என்பதற்குரிய தனிச்சொல்லை இங்கே காண்கிறோம். மாலுமிகள் மகிழ்ந்து நங்கூரம் தூக்கினர். சிறிது நேரத்தில் மலைமுகட்டிலிருந்து சூறைக்காற்று பாய்ந்தது. அதன் பெயர் 'யூராக்கிலோ'. 'யூரொஸ்' என்பது கீழ்க்காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'அக்குவிலோ' என்பது வடகாற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல். இரு மொழிகளை முடிந்து கடலோடிகள் ஆக்கிய கலப்புப் பெயர் இது. வடஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவிலுள்ள துக்கா என்னும் பழைய உரோமை நகரின் கல்தளத்தில் செதுக்கப்பட்ட காற்றுத் திசை வட்டத்திலும் இப்பெயர் காணப்படுகிறது. இது நமக்குப் புதுமையன்று. நம் சுக்கானும் மாலுமியும் அரபு மொழியிலிருந்து வந்தவை. நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. கடலுக்கு வேலியில்லை, கடல்மொழிக்கும் இல்லை.

இச்சூறையில் கப்பல் 'அந்தொப்தல்மெயின்' செய்ய இயலாது போயிற்று என்கிறார் லூக்காஸ். 'கண்ணுக்கு நேர் கண் கொண்டு எதிர்த்து நோக்குதல்' என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். அக்காலக் கப்பல்களின் முகப்பில் கண்கள் எழுதும் வழக்கம் இருந்தது. அக்கண்ணால் காற்றை எதிர்கொள்ள முடியாத கப்பல் தன்னையே காற்றுக்கு ஒப்புக்கொடுத்தது, அலைக்கழிந்து சென்றது.

பெயர் சொல்லாத காற்று

பதினான்காம் நள்ளிரவில் கரை அண்மையில் இருப்பதை மாலுமிகள் உணர்ந்தனர். ஆழம் பார்த்தபோது 20 பாகம். சற்றுத் தொலைவில் 15 பாகம். பாறையில் மோதிவிடாதபடி பின்புறமிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, விடியலுக்காகக் காத்திருந்தனர். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர்.

பொழுது புலர்ந்ததும் நங்கூரங்களை அறுத்துவிட்டுச் சுக்கான்களின் கட்டுகளை அவிழ்த்து, 'அர்த்தெமோன்' என்னும் சிறிய முன்பாயை உயர்த்தினர். எதற்கு உயர்த்தினர்? 'வீசுவதற்கு' என்பதே மூலத்தில் உள்ள சொல். காற்று என்னும் பெயரை லூக்காஸ் எழுதவில்லை. பாயின் முன்னே நிற்பவனுக்கு வீசுவது எது என்று சொல்லவும் வேண்டுமோ? கொண்டல் என்றவுடன் காற்று என்று சேர்க்காமலே நாம் பொருள் கொள்வதில்லையா? அந்தச் சிறுபாய் காற்றால் நிறைந்தது; கப்பல் மால்த்தாக் கரையை நோக்கி ஓடி மணல்திட்டில் செருகிற்று. பின்புறம் அலைகளால் உடைந்தது; ஆனால் 276 பேரும் உயிரோடு கரையேறினர்.

சொல்லே சான்று

இச்சொற்களின் நுட்பத்தைச் சோதித்துப் பார்த்தவர் ஸ்காட்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் ஸ்மித். பாய்ப்படகு ஓட்டுவதில் தேர்ந்த இவர், 1844-45 குளிர்காலத்தை மால்த்தாவில் கழித்து, 1848-இல் தம் ஆய்வு நூலை வெளியிட்டார். கிரேத்தாவை அடுத்துள்ள சிறுதீவிலிருந்து மால்த்தா வரை ஏறத்தாழ 477 மைல். புயலில் அடித்துச் செல்லப்படும் அத்தகைய கப்பல் மணிக்கு ஒன்றரை மைல் நகரும் என்று அவர் கணித்தார். அக்கணக்கின்படி பயணம் 13 நாட்களைச் சிறிதே கடந்து முடியும். லூக்காஸ் பதினான்காம் இரவு என்கிறார்! கடலை அறிந்தவர்களின் சொற்களை மாற்றாமல் எழுதியதால் அன்றோ, பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஒரு கடலோடி அவற்றை அளந்து பார்க்க முடிந்தது?

நம் கரையின் சொற்கள்

நம் முன்னோரின் பாய்மரங்களுக்கும் இத்தகைய சொற்கள் இருந்தன. மதுரைக்காஞ்சியில் பாய்க்கு 'இதை' என்று பெயர். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். தாமானை எவ்வளவு இழுப்பது, எவ்வளவு நெகிழ்ப்பது என்பதில்தான் பாய் புடைத்து நிற்பதும் படபடத்து ஓய்வதும் இருந்தன. இயந்திரப் படகுகள் வந்தபின் பாய்கள் மறைந்தன. பாயோடு இச்சொற்களும் மறைந்துவருகின்றன.

கடலோரக் குடும்பங்களில் பாய் பிடித்த கைகள் இன்னும் சில உள்ளன. மாலை வேளையில் பிள்ளைகள் தாத்தாவின் அருகில் அமர்ந்து, எந்தக் காற்றுக்கு என்ன பெயர், எந்தக் கயிற்றுக்கு என்ன வேலை என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். கடலறியாத ஒரு மருத்துவர், மாலுமிகள் வாயில் கேட்டதை எழுதி வைத்ததால் ஒரு கப்பலின் கதை இன்றுவரை நின்றிருக்கிறது. நம் தோணிகளின் கதையும் அவ்வாறே நிற்க வேண்டாமா?