பாட்டு முடிஞ்சாச்சு, அடுத்து என்ன?

உட்காரு தம்பி, டீ வரட்டும். ஒரு ப்ளேக்கு எத்தனை பைசா கிடைக்கும் என்று கேட்டாய். சொந்தமாகப் பாட்டுப் போடுகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒரு ப்ளேக்கு இவ்வளவு என்று கட்டுவிலை கிடையாது. சந்தா, விளம்பரம் என்று வருகிற பணமெல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்த ப்ளேக்களில் யாருடையது எத்தனை என்று பார்த்துப் பிரிக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு மாதத்தில் மொத்தம் 100 கோடி ப்ளே, அதில் உன் பாட்டு 10,000 என்று வைத்துக்கொள். உன் பங்கு ஒரு லட்சத்தில் ஒன்று. உன் ரசிகர் ஒருவர் மாதம் முழுக்க உன்னை மட்டுமே கேட்டிருந்தாலும் அவர் கட்டிய சந்தா அப்படியே உன்னிடம் வராது. அதுபோக, 2024 முதல் அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 ப்ளேயாவது எட்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அதனால் லட்சக்கணக்கை இப்போதைக்கு மறந்துவிடு. அந்த முதல் ஆயிரத்தை நிஜமான காதுகளிடமிருந்து வாங்குவதுதான் உன் முதல் வேலை.

ஸ்பாட்டிஃபையில் நீயே நேராகப் பாட்டை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பும்போது அவசரப்படாதே. நம் ஊர்ப் பெயர்களில் பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு பாட்டில் இனிஷியலை முன்னால் போடுகிறோம், அடுத்ததில் பின்னால். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடுகிறது, குறைகிறது. ஆப் உன்னை இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும், அல்லது அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் உன் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்.

இப்போது தேதி. மிக்ஸிங் முடிந்த ராத்திரியே வெளியிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில், இன்னும் வெளியாகாத பாட்டை அவர்களுடைய ப்ளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்பி வைக்கலாம். அதற்குக் காசு கிடையாது. வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் அனுப்பிவிட்டால், உன்னைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற ப்ளேலிஸ்ட்டில் அந்தப் பாட்டு வந்துவிடும். ஆசிரியர்கள் கேட்க அவகாசம் வேண்டுமென்றால் மூன்று, நான்கு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பாட்டைப் பற்றி எழுத 500 எழுத்துகளுக்கு ஒரு பெட்டி இருக்கும். 'மனதை வருடும் இனிய பாடல்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'கணியான் கூத்தில் வாசிக்கிற மகுடத்தைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் கொடையில் பதிவு செய்து, அதன் மேல் கிட்டார் வைத்தேன். ஊரை விட்டுப் போன அக்காவைப் பற்றிய பாட்டு' என்று எழுதிப் பார். இதைப் படிக்கிற ஆளுக்குக் கேட்டுப் பார்க்கத் தோன்றும். எடுத்துக்கொள்வார்களா என்பது நம் கையில் இல்லை.

முப்பது விநாடி கேட்டால்தான் அங்கே ஒரு ப்ளே. அதற்காக முன்னிசையை வெட்டித் தள்ளு என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுக்கு அது தேவை என்றால் இருக்கட்டும். ஆனால் தேவையா என்று ஒருமுறை கேட்டுக்கொள். ப்ளே எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது சேவ். கேட்டவர் அந்தப் ப்ளஸ் குறியை அழுத்தித் தன் பட்டியலில் சேர்த்தாரா, மறுபடி வந்து கேட்டாரா என்பதை ஆப் கவனிக்கிறது. யாருக்கு உன்னைக் காட்டலாம் என்று அது கற்றுக்கொள்வது இப்படித்தான். 'லிங்க் போட்டிருக்கேன், சப்போர்ட் பண்ணுங்க' என்று நூறு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதைவிட, இந்த மாதிரிப் பாட்டு யாருக்குப் பிடிக்குமோ அந்த முப்பது பேருக்குத் தனித்தனியாக அனுப்பு. 'பிடித்திருந்தால் சேவ் பண்ணுங்கள்' என்று வாய்விட்டுக் கேள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'பத்தாயிரம் ப்ளே கேரண்டி' என்று இன்ஸ்டாகிராமில் ஒருவன் கண்டிப்பாக வருவான். பெரும்பாலும் அது கேட்கிற ஆளே இல்லாத, மென்பொருள் ஓட்டுகிற ப்ளே. உன் கணக்கைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். உனக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஊரிலிருந்து ஆயிரக்கணக்கில் ப்ளே இருக்கும், சேவ் நாலு இருக்கும். போலி ப்ளே மிதமிஞ்சிய பாட்டுகளுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறது. அது கடைசியில் உன் தலையில் விழலாம், பாட்டையே தூக்கியும் விடலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், உன் பாட்டு யாருக்குப் பிடிக்கும் என்ற கணக்கே கெட்டுப்போவது. அதன்பிறகு நல்ல ரசிகரிடம் அது போய்ச் சேராது. காசு கொடுத்து இதைச் செய்யாதே தம்பி, ஓசியில் கொடுத்தாலும் வாங்காதே.

ரீல்ஸுக்கு நம் பாட்டில் எந்தப் பதினைந்து விநாடி என்பதை நீயே தேர்ந்தெடு. அந்தத் துண்டு இன்ஸ்டாகிராம் ஆடியோவில் உன் பெயரோடு வருகிற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டரிடம் சொல்லிவிடு. சாய் அபயங்கரின் 'கச்சி சேர' 2024இல் சினிமாப் பாட்டாக இல்லாமலேயே வீட்டுக்கு வீடு போனது. உண்மைதான், ஆனால் அதன் பின்னால் திங்க் மியூசிக் என்ற இசை நிறுவனம் இருந்தது. அந்த அளவுகோலை வைத்து உன்னை அளந்துகொள்ளாதே. யூடியூபையும் விட்டுவிடாதே, நம் ஜனம் பாட்டுக் கேட்க முதலில் போகிற இடம் பெரும்பாலும் அதுதான். ஒரே ஆப்பை நம்பியும் இருக்காதே. வின்க் மியூசிக் என்ற ஆப் 2024இல் மூடப்பட்டது. அங்கே மட்டும் ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்களுக்கு அவர்களை மறுபடி கண்டுபிடிக்க வழி இல்லை. கச்சேரிக்கு வருகிறவர்களின் போன் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வை.

கடைசியாகச் சொல்வதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். மெட்டுக்கும் வரிக்கும் தனி ராயல்டி உண்டு. நம் நாட்டில் அதை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் சங்கம். உறுப்பினராகி, பாட்டையும் அங்கே பதிவு செய்தால்தான் வரும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ இந்த மாதிரிச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்று ஆக்கினார்கள். 'சகல உரிமையும் எங்களுக்கே' என்று யாராவது தாளை நீட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள். கூட எழுதின நண்பனுக்கு எத்தனை சதவீதம் என்பதையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளும் ஐபிஆர்எஸ் படிவமும் முடியட்டும், ரிலீஸ் தேதியை அதற்கப்புறம் குறிக்கலாம்.