பொதுக் கணினியில் யார் வேண்டுமானாலும் ரூட் ஆகலாமா?

புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆள் மாறுவார்கள், கணினி அதேதான். சம்பளப் பட்டியல், தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு, பி.எஃப். எண் எல்லாம் அதிலேயே கிடக்கும். அதில் உபுண்டுவோ டெபியனோ இருந்தால், ‘லினக்ஸுக்கு வைரஸ் வராது’ என்று அப்டேட்டைத் தள்ளிப்போடுவார்கள். ஆபத்தான நம்பிக்கை இது.

2025 ஜூன் 17 அன்று குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். சிவிஇ-2025-6019 என்று அதற்கு எண். பென்டிரைவைச் செருகினால் திறந்து காட்டுகிற யூடிஸ்க்ஸ் சேவை, கோப்பு முறைமையின் அளவை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு லிப்பிளாக்டெவ் என்ற நூலகத்தை நம்பியிருக்கிறது. எக்ஸ்.எஃப்.எஸ். வகை முறைமையின் அளவை மாற்றும்போது, நூலகம் அதைத் தற்காலிகமாக மவுண்ட் செய்யும். உள்ளிருக்கும் நிரல் எதுவும் ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமையோடு ஓடாமல் தடுப்பது ‘நோசூயிட்’ என்ற விருப்பம். அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இதற்கென்றே தயாரித்த எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு கையில் இருந்தால், கணினி முன் உட்கார்ந்து லாகின் செய்த சாதாரணப் பயனர் அட்மின் கடவுச்சொல் இல்லாமலே ரூட் ஆகிவிடலாம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே நான்கிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

பேட்ச் இலவசம். அப்டேட் ஓடிய பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய நூலகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். உடனே முடியாதவர்கள், யூடிஸ்க்ஸின் ‘மாடிஃபை-டிவைஸ்’ அனுமதிக்கு அட்மின் கடவுச்சொல் கேட்கும்படி, அனுமதிகளைக் கையாளும் போல்கிட்டின் விதியை மாற்றிவைக்கலாம். உபுண்டு 20.04 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் வழக்கமான பராமரிப்புக் காலம் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, அதாவது இந்த ஓட்டை வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பே. புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. ரூட் ஆனவர் லாக் பதிவுகளையும் அழித்துவிடலாம். எல்லோரும் ஒரே லாகினில் வேலை செய்கிற இடத்தில், பழி கடைசியாக உட்கார்ந்த தொழிலாளி மேல் விழும். ஆளுக்கொரு லாகின் கேளுங்கள். அதைக் கேட்க யாரும் தயங்க வேண்டாம். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நிறுவனங்களுக்கு இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவு. அந்தப் பதிவுகளின் நகலை வேறொரு கணினியில் வைத்தால்தான் அவை பிழைக்கும்.

அனுமதியின்றி நுழைந்து தரவை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் வங்கி விவரத்தை நிறுவனம் அலட்சியமாக வைத்திருந்து நட்டம் வந்தால், 43ஏ பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநில அல்லது யூனியன் பிரதேச அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கணினியை ஃபார்மேட் செய்ய யாரையும் விடாதீர்கள், சாட்சியம் அதில்தான் இருக்கிறது.