ஊருக்குச் சொந்தமான ஒளியிழை

வீதி யாருக்குச் சொந்தம் என்ற வினாவை அதில் அன்றாடம் நடப்போர் எழுப்புவதில்லை. அது ஊரின் பொதுவுடைமை என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட உண்மை. குழாய்நீரும் மின்விளக்கும் நகரங்களுக்கு முதன்முதல் வந்த காலத்தில் அவை செல்வர்க்குரிய வசதிகளாகவே கருதப்பட்டன. அவையின்றி ஊர் இயங்காது என்ற நிலை பின்னரே உண்டாயிற்று. இன்று அகலக்கற்றை இணையமும் அந்நிலையை எய்தியிருக்கின்றது. பாடம் கற்றல், மருத்துவரைக் கலந்தாலோசித்தல், தொழிலுக்கு விண்ணப்பித்தல், அரசாங்கப் படிவங்களை அனுப்புதல் ஆகிய பலவும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆகவே, இவ்விணைப்பை அமைக்கும் பொறுப்பை வணிக நிறுவனங்களிடம் முற்றாக விட்டுவிடலாமா, அன்றி ஊரார் தாமே முதலிட்டு அமைத்தல் தகுமா என்ற வினா பல நாடுகளில் எழுந்துள்ளது.

இதற்கு விடை காணுமுன், இணைப்பின் செலவு எங்கே உண்டாகின்றது என்பதை அறிதல் வேண்டும். தலைமயிர்போல் மெல்லிய கண்ணாடி இழையினூடாக ஒளித்துடிப்புகள் செல்கின்றன. அத்துடிப்புகளே மறுமுனையில் எழுத்தாகவும் ஒலியாகவும் படமாகவும் வெளிப்படுகின்றன. இழையின் விலை பெரிதன்று. நிலத்தை அகழ்ந்து குழாய் புதைப்பதற்கும், கம்பங்களில் இழையைக் கட்டுவதற்கும், வீடுதோறும் கிளை பிரிப்பதற்குமே பெரும்பொருள் செலவாகின்றது. ஒரு மைல் தொலைவில் நூறு வீடுகள் இருப்பின் அச்செலவு நூறு பங்காகப் பிரியும். ஐந்து வீடுகளே இருப்பின் ஐந்து பங்காகவே பிரியும். இதனாலேயே வணிக நிறுவனங்கள் நெருங்கிய குடியிருப்புகளை நாடுகின்றன. தொலைவிலுள்ள சிற்றூர்களையும் வறியோர் வாழும் பகுதிகளையும் கடைசிக்கு விடுகின்றன. இதனைத் தீய எண்ணம் என்று கூறுவதற்கில்லை. பங்குதாரருக்குச் சில ஆண்டுகளுள் இலாபம் காட்டவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு உண்டு. நகரசபையோ இருபது, முப்பது ஆண்டுகளில் அடைபடும் கடனைப் பெறக்கூடியது. நிறுவனத்தின் கணக்கேட்டில் மாதக் கட்டணம் மட்டுமே வரவாகும். ஊரின் கணக்கிலோ பிள்ளைகளின் கல்வியும், புதிதாய்த் தோன்றும் தொழில்களும் வரவாகக் கொள்ளத்தக்கவை.

இக்கருத்தை நடைமுறையில் காட்டிய நகரங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள சட்டனூகா முதன்மையானது. அந்நகரின் மின்சக்திச் சபை 1935ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பொது அமைப்பாகும். மின்சாரம் தனியார் கையில் மட்டும் இருத்தல் ஆகாது என்று கருதிய தலைமுறையினரின் முயற்சி அது. தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகரின் காற்று, நாட்டிலேயே மிக மாசுபட்டது என்று 1969இல் அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பழைய ஆலைகள் பல மூடப்பட்டன. நகரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வழி தேட வேண்டியதாயிற்று.

மின்சக்திச் சபை தன் மின்கம்பிகளைக் கண்காணிப்பதற்கு ஒளியிழை வலையொன்றை அமைக்கத் திட்டமிட்டது. அவ்விழையிலேயே இணையத்தையும் வீடுகளுக்கு வழங்கலாம் என்பது கண்டறியப்பட்டது. சபை கடன்பத்திரங்கள் மூலம் ஏறத்தாழ 22 கோடி டொலர் திரட்டியது. மத்திய அரசாங்கமும் 2009இல் ஏறத்தாழ 11 கோடி டொலர் மானியம் வழங்கியது. தனியார் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தும் திட்டத்தைத் தடுக்க முடியவில்லை. 2010ஆம் ஆண்டில் அச்சபை தன் மின்விநியோக எல்லை முழுவதிலும் விநாடிக்கு ஒரு கிகாபிட், அதாவது நூறு கோடி பிட், வேகமுள்ள இணைப்பை வழங்க முன்வந்தது. இவ்வாறு செய்த முதல் அமெரிக்க நகரம் சட்டனூகாவே. நகரின் நடுவிலுள்ள அலுவலகத்துக்குக் கிடைத்த அதே வேகம், எல்லையோரத்திலுள்ள பண்ணைவீட்டுக்கும் கிடைத்தது என்பது கருதத்தக்கது.

பயன் இணையத்தோடு நின்றுவிடவில்லை. புயலால் மரம் விழுந்து ஓரிடத்தில் மின்கம்பி அறுந்தால், இழையோடு பொருத்தப்பட்ட தன்னியக்க ஆளிகள் பழுதுற்ற பகுதியை மட்டும் பிரித்து, ஏனைய பகுதிகளுக்கு வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடுகின்றன. இதனால் மின்தடையின் நேரம் பெரிதும் குறைந்தது. சட்டனூகாவிலுள்ள டென்னசிப் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் பென்டோ லோபோ 2020இல் வெளியிட்ட ஆய்வு, முதற் பத்தாண்டுகளில் நகருக்குக் கிடைத்த நன்மையின் பெறுமதியை 269 கோடி டொலர் என்று மதிப்பிட்டது.

அதே ஆண்டில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பொதுவுடைமையின் பொருள் மேலும் தெளிவாயிற்று. வீட்டில் இணைப்பற்ற மாணவர் உணவகங்களின் வாகனத் தரிப்பிடங்களில் இருந்து பாடம் படித்த காட்சி அமெரிக்காவின் பல பாகங்களிலும் காணப்பட்டது. சட்டனூகாவை உள்ளடக்கிய ஹமில்டன் மாவட்டத்திலோ, வறிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 28,000 மாணவர்க்கு இலவச இணைப்பு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மின்சக்திச் சபையும், உள்ளூராட்சி அமைப்புகளும், நன்கொடையாளரும் அதன் செலவைப் பகிர்ந்துகொண்டனர். இழை முன்னமே வாசல்வரை சென்றிருந்தமையால் இது விரைவில் கைகூடிற்று.

ஆயினும், அச்சபையின் எல்லைக்கு வெளியேயிருந்த சிற்றூரார் தமக்கும் இணைப்பு வேண்டும் என்று கோரியபோது மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. மின்விநியோக எல்லைக்கு அப்பால் இணையம் வழங்கப் பொதுச் சபைகளுக்கு அச்சட்டம் அனுமதி தரவில்லை. 2015இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு அத்தடையை நீக்க முயன்றது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளிவிட்டது. ஓர் ஊர் தன் பணத்தைத் தன் தேவைக்குச் செலவிடுவதற்கும் சட்டத்தின் இசைவு வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

ஊரார் முதலிடும் முயற்சிகள் யாவும் வெற்றி பெற்றன என்று கொள்ளலாகாது. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம் டொலர் கடன் பெற்று ஒளியிழை வலை அமைத்தது. மாநிலச் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் அந்நகரம் வீட்டாருக்கு நேராக விற்பனை செய்யாது, இடைநிறுவனங்கள் மூலமே வழங்கிற்று. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. 2013இல் அவ்வலை கூகிள் நிறுவனத்துக்கு ஒரே ஒரு டொலருக்குக் கைமாறியது. கடன் மட்டும் ஊரிடமே எஞ்சியது. அதனை அடைப்பதற்காக வீட்டார் மாதந்தோறும் 5 டொலர் 35 சதம் செலுத்த நேர்ந்தது. சட்டனூகாவிடம் அனுபவம் முதிர்ந்த மின்சபையும், மத்திய அரசின் மானியமும், வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பும் இருந்தன. இவ்வேறுபாட்டை அறியாது ஒன்றைப் பார்த்து மற்றொன்று சூடிட்டுக்கொள்ளலாகாது.

மின்சபையும் மானியமும் இல்லாத சிற்றூர்களுக்கு வேறு வழியுண்டா எனின், இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டம் ஒன்றைக் காட்டுகின்றது. லூன் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த ஊரார் 2011இல் சமூக நலச் சங்கமொன்றை நிறுவிப் பங்குகளை விற்று முதல் திரட்டினர். குடியானவர் தத்தம் வயல்களினூடாக இழை செல்வதற்கு வாடகை கேளாது இடமளித்தனர். ஊரவரே மண்வெட்டியும் இயந்திரமும் கொண்டு குழிகள் தோண்டினர். உழைத்தோர் தம் கூலிக்குப் பதிலாகப் பங்கு பெறவும் வழியிருந்தது. வீதியைத் தவிர்த்து வயல்வழியே சென்றமையாலும், அன்பளிப்பான உழைப்பினாலும், பெருஞ்செலவு எதுவோ அதுவே குறைந்தது. பெருநகரங்களிலும் அரிதாயிருந்த ஒரு கிகாபிட் வேகம் மலையோரப் பண்ணைகளை எட்டியது.

இவற்றால் பெறப்படுவது யாதெனின், ஊரார் முதலிடுதல் பேராசையன்று. ஆயின் கணக்கறிந்து செய்யவேண்டிய செயல். எத்தனை வீட்டார் இணைவர், கடன் எத்தனை ஆண்டுகளில் அடையும், பழுது நேர்ந்தால் திருத்துவோர் யாவர், சட்டம் எதனை அனுமதிக்கும் என்பவற்றை முன்னரே ஆராய்தல் வேண்டும். கணக்கு ஊரவர் முன் வெளிப்படையாக வைக்கப்படுதலும் வேண்டும். இவற்றுக்குத் தக்க விடையுள்ள ஊர், பிறர் வரவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளையும் செலவாகவே எண்ணுதல் தகும். அவ்வாண்டுகளில் பாடசாலை செல்லும் பிள்ளைகள் மறுமுறை அவ்வயதை அடையப்போவதில்லை.